பிடி தளர்ந்திருக்கிறது, நல்லது

என்னுடைய பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன: "பிடி தளர்ந்திருக்கிறது. நல்லது." நீல மை. செய்தி குறிக்கும்போது வரும் அவசரக் கையெழுத்து. அடியில் ஒரு கோடு. நோட்டில் கோடு போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. எது முக்கியம் என்று பத்திரிகை அலுவலகம் பார்த்துக்கொள்ளும், நாம் நடந்ததை எழுதினால் போதும் என்று பழகியவன். அன்று மட்டும் போட்டிருக்கிறேன்.

அந்தப் பிடி என் மச்சானுடையது. என் மனைவிக்குப் பெரியப்பா மகன், எனக்கு ஒரே வயது. குன்னம் போகிற சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அந்தப் பக்கம் முழுக்க மானாவாரி பூமி. கிணறும் போரும் இருக்கிறவர்கள் வெங்காயம் வைப்பார்கள், மற்றவர்கள் மக்காச்சோளமும் பருத்தியும். மின்சாரம் ஏறி இறங்கி மோட்டார் எரிந்துபோனால் அவனிடம் கொண்டுவருவார்கள். எரிந்த செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பான். வார்னிஷ் காய இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நாங்கள் ஸ்னூக்கர் ஆடினோம்.

கிளப் பெரம்பலூரில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. பூல் மேசை ஒன்று, ஸ்னூக்கர் மேசை ஒன்று. பூல் மேசையில் கல்லூரிப் பிள்ளைகள் எந்நேரமும் இருப்பார்கள். ஸ்னூக்கர் மேசை பெரியது, பந்துகள் சிறியவை, ஆட்டம் நீளம். அவர்களுக்குப் பொறுமை இல்லை. மதியம் இரண்டிலிருந்து நான்குவரை அந்த மேசை எங்களுடையது. எனக்கும் அது தோதான நேரம். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் எங்கள் பத்திரிகைக்கு நான் ஒருவன்தான். காலையில் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், எங்காவது சாலை மறியல். ஐந்து மணிக்குள் செய்தி போய்விட வேண்டும். நடுவில் கிடைப்பது இந்த இரண்டு மணி நேரம். இப்படிப் பத்து வருடத்துக்கு மேல் ஆடியிருக்கிறோம்.

நான் சுமாராக ஆடுவேன். அவன் நன்றாக ஆடியிருக்க வேண்டியவன். எந்தப் பந்தை எடுத்தால் அடுத்தது எங்கே வந்து நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். கண் சரி, கணக்கு சரி. கை மட்டும் கெடுக்கும். குனிந்து, பந்தடிக்கிற கோலான கியூவை முன்னும் பின்னும் நான்கு தடவை அழகாக ஓட்டுவான். ஐந்தாவது தடவை, அடிக்கிற அந்தக் கணத்தில், வலது கை கியூவை இறுக்கிவிடும். இறுக்கினால் முழங்கை வெளியே தள்ளும். முழங்கை தள்ளினால் கியூவின் நுனி வெள்ளைப் பந்தின் நடுவில் படாமல் ஓரத்தில் படும். பக்கத்துப் பந்து என்றால் தப்பித்துக்கொள்ளும். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அடிக்கிற பந்து என்றால் பாக்கெட்டின் வாயில் இடித்துத் திரும்பி வரும்.

"இருவது வருசமா கம்பிய இறுக்கிப் பிடிச்ச கை மாப்ள" என்பான். "லூசா விட்டா காயில் எரிஞ்சிரும். இதப் போயி லூசா விடுன்னா எப்படி வுடும்?"

எங்களுக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம். எல்லா வீடியோவிலும் ஒரே பாடம்தான்: பின்கை கியூவைப் பிடிக்கக் கூடாது, தாங்கினால் போதும். விரல்களில் அது சும்மா கிடக்க வேண்டும். அவன் அந்த வீடியோக்களைக் கடையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். மறுநாள் வந்து குனிவான். ஐந்தாவது தடவை கை இறுகும்.

ஒருநாள் அவனே சொன்னான்: "நான் அடிக்கறது எனக்குத் தெரியாது. நீ பின்னால நின்னு பாத்து எழுது. ஊர்ல எவன் எவனையோ பாத்து எழுதற, என்னய எழுத மாட்டியா?"

அன்றிலிருந்து நோட்டின் பின்பக்கங்கள் அவனுடையவை ஆயின. முன்பக்கத்திலிருந்து ஊர்ச் செய்தி வரும், பின்பக்கத்திலிருந்து அவன் கை வரும். இரண்டும் நடுவில் சந்திக்கும்போது புது நோட்டு.

பயிற்சிக்குப் பன்னீர் சோடா பாட்டிலைப் பயன்படுத்தினோம். காலிப் பாட்டிலை மேசையின் மேல் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் கியூவின் நுனி போய் வர வேண்டும். கண்ணாடியில் படக் கூடாது. பட்டால் கிளிங் என்று ஒரு சத்தம். ஆட்டத்துக்கு முன்னால் ஐம்பது தடவை ஓட்டுவான். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தத்தை எண்ணிக் குறிப்பேன். தொடங்கிய புதிதில் ஐம்பதில் முப்பது தடவை கிளிங். பூல் மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவன் கேட்டான், "அண்ணே, பூசையா? மணி அடிக்கிறீங்க?" மச்சான் நிமிராமலே, "ஆமாப்பா, நீயும் வந்து விழுந்து கும்பிட்டுக்க" என்றான்.

மே மாதம் இருபத்திரண்டு கிளிங் என்று எழுதியிருக்கிறேன். ஜூன் நடுவில் பத்தொன்பது. ஜூலையில் பதினாறு, பதினான்கு. ஆகஸ்டில் ஒரு மதியம் ஐம்பது தடவை ஓட்டி முடித்தான், நான்கே சத்தம். பிறகு ஆடினான். நீளப் பந்துகள் ஒவ்வொன்றாகப் போயின. பின்னால் நின்று பார்த்தேன். கை இறுகவே இல்லை. கட்டை விரலும் சுட்டு விரலும் வளையமாக நிற்க, மற்ற மூன்று விரல்களும் விலகித் தொங்கின. வீடியோவில் காட்டுவார்களே, அப்படியே. எழுதினேன், கோடு போட்டேன், அவனிடமும் காட்டினேன்.

அவன் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இறங்கும்போது உரக்கடை வாசலில் நின்று, "எனக்கே தெரியல மாப்ள. தன்னால வந்துச்சு" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த நான்கு மாதம் அவன் ஆடிய ஆட்டம் அவன் வாழ்க்கையிலேயே சிறந்தது. அந்த டிசம்பரில் அரியலூரில் ஓர் ஆலையின் மனமகிழ் மன்றத்தில் வெளியாட்களையும் சேர்த்துப் போட்டி வைத்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வந்துகொண்டே இருக்கிற சாலை. ஜன்னலைச் சாத்தியிருந்தும் மேசைத் துணியில் வெள்ளையாய் மெல்லிய தூசு. ஆட்டத்துக்கு ஆட்டம் பிரஷ் போட்டார்கள். இறுதி ஆட்டத்தில் இவனுக்கு எதிரே அந்த ஆலையின் இளம் என்ஜினியர் ஒருவர். கோயம்புத்தூரில் பயிற்சி எடுத்தவர், சொந்தக் கியூ, அதற்குத் தனிப் பெட்டி. இவன் மன்றத்துக் கியூவில் ஆடினான்.

கடைசியில் மேசையில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம். அதைப் போடுபவர் ஜெயித்தவர். வெள்ளை இந்த முனையில், கறுப்பு அந்த முனையில். பத்து வருடமாகப் பாக்கெட் வாயில் இடித்துத் திரும்பிய பந்து அது. அவன் குனிந்தான். நான் அவனுக்கு நேர் பின்னால், சுவரோரம். நான்கு தடவை ஓட்டினான். ஐந்தாவது தடவை அந்தக் கை ஒரு கதவு திறப்பதுபோல முழங்கையிலிருந்து மட்டும் அசைந்தது. பந்து அவசரமில்லாமல் உருண்டு போய் விழுந்தது. என்ஜினியர் கைகொடுத்தார். கொடுத்தவர், "சார், உங்க கிரிப் ரொம்ப லைட். எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். மச்சான் என்னைக் காட்டி, "இவருதான் எழுதி எழுதியே பிடிய எளக்கிட்டாரு" என்றான்.

அவனுக்குக் கொடுத்த கோப்பையைக் கடையில் வார்னிஷ் டின்களுக்கு மேல் தட்டில் வைத்தான். வருகிறவர்கள் எல்லாரும் என்ன கோப்பை என்று கேட்க வேண்டும், அப்படி ஓர் இடம்.

நான் பார்த்தவற்றை வரிசைப்படி சொல்ல வேண்டும். நோட்டில் எல்லாம் இருக்கிறது. எதையும் நான் பார்க்காமல் விடவில்லை என்பதுதான் என்னை உறங்கவிடாத விஷயம்.

பிப்ரவரியில் செட்டிகுளத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற நேரத்தில் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது, கட்டி இருபது நாள்கூட ஆகவில்லை என்றார். சத்தம் போடவில்லை, ஆனால் முகம் கறுத்திருந்தது. மச்சான் மோட்டாரைப் பிரித்தான். உள்ளே கம்பி தளர்ந்து, ஒன்றோடொன்று உராய்ந்து எரிந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க கட்டுக்கு ஊரே சாட்சி சொல்லும்" என்றார் அவர். "இது நீங்க கட்டுனதுதானா? இல்ல வேற யாரையும் வச்சுக் கட்டுனீங்களா?"

"நாந்தான் கட்டுனேன்" என்றான். காசு வாங்காமல் மறுபடி கட்டிக் கொடுத்தான். அந்த மாதத்தில் அப்படித் திரும்பி வந்த மோட்டார்கள் மூன்று. நான் ஒரு யோசனை சொன்னேன். அதைச் சொன்னவன் நானென்று இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "விளையாட்டுல பழகுன பிடி வேலையிலயும் வந்துருச்சு மச்சான். ரெண்டையும் தனித்தனியா வச்சுக்க" என்றேன். அவனும் தலையாட்டினான். மேசையில் பாராட்டுக் கிடைத்த அதே தளர்ச்சி கடையில் மோட்டாரை எரித்தது. இரண்டு இடத்திலும் நான் இருந்தேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச்சில் எழுதியது: "அடிக்கும் முன் மேல்கையில் சதை துடிக்கிறது. பதற்றம்? மூச்சை விட்டு அடிக்கச் சொல்லவும்." தோலுக்கு அடியில் ஏதோ நீந்துவதுபோல இருந்தது அது. குனிந்து கை அசையாமல் இருக்கும்போதுதான் தெரியும். அவனுக்கு வலி இல்லை, தெரியவும் இல்லை. பின்னால் நிற்கிற எனக்கு மட்டும் தெரிந்தது. மூச்சை விட்டு அடிக்கச் சொன்னேன்.

ஏப்ரலில்: "கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே பள்ளம். கியூ அதில் நன்றாக உட்காருகிறது." சதை கரைந்து விழுந்த பள்ளம் அது. அதையும் ஆட்டத்துக்குச் சாதகமாகவே எழுதியிருக்கிறேன்.

மே மாதம் கியூவின் நுனிக்குச் சாக் கட்டி தேய்க்கும்போது கட்டி இரண்டு தடவை கீழே விழுந்தது. கியூவும் ஒருமுறை விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஆட்டம் மறுபடி கெட்டது. இப்போது பந்து பழையபடி ஓரத்தில் படவில்லை. நடுவில்தான் பட்டது, ஆனால் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் நின்றது. கியூ கனம் அதிகம், எடை குறைந்ததாக ஒன்று வாங்கலாம் என்றேன். திருச்சிக்குப் போய் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒன்று வாங்கி வந்தோம். அதில் அவன் ஆடியது ஏழு நாள்.

அவன் மனைவி ஒருநாள் காலையில் போன் செய்தாள். அவள் போன் செய்கிறவள் இல்லை. அவர்கள் வீட்டுச் செய்தி எதுவானாலும் என் மனைவிக்குத்தான் வரும்.

"அண்ணே, அவுங்க சட்டைக்கு நாந்தான் பித்தான் போட்டு விடறேன்" என்றாள். "ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து. உங்ககிட்ட சொன்னாங்களா?"

சொல்லவில்லை என்றேன்.

"தெனம் பக்கத்துலயே இருக்கீங்க. அந்தக் கையத்தான பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள்.

பெரம்பலூரில் பார்த்த எலும்பு டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார். குனிந்தே வேலை, குனிந்தே விளையாட்டு, வராமல் என்ன செய்யும் என்றார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு மூன்று மாதம் இருந்தான். கிளப்புக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து நான் ஆடுவதைப் பார்ப்பான். இடம் மாறியிருந்தோம். "ரிப்போர்ட்டரே, ஊருக்கெல்லாம் சொன்னியே, உன் பிடியப் பாரு. திருடனக் கோர்ட்டுக்கு இழுத்துட்டுப் போற மாதிரி புடிச்சிருக்க" என்பான். பட்டைக்குமேல் முகம் மட்டும் சிரிக்கும். செப்டம்பர் கடைசியில் இடது கையும் சாவியைத் தவறவிட்டது.

அக்டோபரில் திருச்சிக்குப் போனோம். அவன், அவன் மனைவி, நான். நரம்பு மருத்துவர் ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா. அவசரப்படவில்லை. கையில், தொடையில், நாக்கின் அடியில்கூட ஊசி வைத்துப் பார்த்தார்கள். கருவியின் திரையில் கோடுகள் ஓடின. மாலையில் மூன்று பேரையும் உட்காரவைத்து, தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்றும், அதை நிறுத்த மருந்து இல்லை என்றும், கொஞ்சம் தள்ளிப்போட மட்டும் மாத்திரை உண்டு என்றும் சொன்னார். அவன் மனைவி தன் புடவைத் தலைப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மருத்துவர் பேனாவை எடுத்துக் கேட்டார். "எப்ப ஆரம்பிச்சுது? முதல்முதலா கையில ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சது எப்ப?"

"ஜூன்ல" என்றான் மச்சான். "நாலு மாசம் இருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாலே மாசத்துல ரெண்டு கையும்னா ரொம்ப வேகம். எவ்வளவு வேகமாப் போகுதுங்கறத வச்சுத்தான் நாம அடுத்ததை யோசிக்கணும்."

நோட்டு என் தோள்பையில் இருந்தது. திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகஸ்ட் மாதத்து அந்தப் பக்கம் எனக்குக் கண்ணுக்கு முன்னால் நின்றது. மோட்டார்கள், துடிப்பு, பள்ளம், சாக், எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக நின்றன. நரம்புகள் சாகின்றன என்று மருத்துவர் சொன்னதுமே அன்று பிடி தளர்ந்தது எதனால் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் வாயைத் திறந்தால் அவனிடமிருந்து எது போகும் என்பதும் விளங்கியது. மருத்துவர் எழுதப்போனார். தவறான தேதி ஒன்று தாளில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்ததில்லை.

"போன வருசம் ஆகஸ்ட், மேடம்" என்றேன். "பதினாலு மாசம். வலது கை. பிடி தளர்ந்தது. நான் எழுதி வச்சிருக்கேன்."

மருத்துவர் அடித்துத் திருத்தி எழுதினார். "அப்படின்னா கொஞ்சம் மெதுவான வகை. அது நல்லதுதான்" என்றார். அவன் மனைவி அப்போதுதான் தலை தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. நான் அவர்களுக்கு நாள்களைக் கூட்டிக் கொடுத்தவன்போல. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையை மடியில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மருந்துச் சீட்டு வாங்க நான் மட்டும் திரும்பி உள்ளே போனபோது மருத்துவர் நோட்டைக் காட்டச் சொன்னார். சில பக்கம் புரட்டினார். "இவ்வளவு துல்லியமா யாரும் எழுதி வச்சு நான் பாத்ததில்ல" என்றார். "ஆனா ஒண்ணு. இது நீங்க பாத்த தேதி. ஆரம்பிச்ச தேதி இது இல்ல. வெளியில தெரியறதுக்கு முன்னாடியே உள்ள பாதி நரம்பு போயிருக்கும். ஏழெட்டு மாசம் முன்னால இருந்தேகூட இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது." இதை நான் வெளியே வந்து அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

வரும் வழியில் பாடாலூரில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். அவன் மனைவி காரைவிட்டு இறங்கவில்லை. அவனுக்கு டீயைப் பேப்பர் கப்பில் பாதி அளவு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஆகஸ்ட்லயேவா?" என்றான்.

"ஆமா மச்சான்."

"அரியலூரு டிசம்பர்."

நெடுஞ்சாலையில் ஒரு லாரி போய், அதன் காற்று அடங்கியது.

"அப்ப அந்தக் கறுப்ப அடிச்சது யாரு? நானா, இதுவா?" இது என்று அவன் சொன்னபோது கப்போடு சேர்த்து இரண்டு கையையும் கொஞ்சம் உயர்த்தினான்.

"நீதான் அடிச்ச."

"தன்னால வந்துச்சுன்னு உங்கிட்டயே சொன்னேன்ல" என்றான். "தன்னாலதான் வந்திருக்கு."

ஒரு வாரம் கழித்து நான் கடைக்குப் போனபோது வார்னிஷ் டின்களுக்கு மேல் தட்டில் கோப்பை இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. கடையையும் அடுத்த மாதம் மூடிவிட்டார்கள். கம்பிச் சுருள்களைக் குன்னத்தில் இன்னொரு காயில் கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

மெதுவான வகை என்று மருத்துவர் சொன்னது சரியாக இல்லை. பொங்கலுக்குள் கால் இழுத்துக்கொண்டது. மாசியில் பேச்சு குழறத் தொடங்கியது. நான் வாரம் இரண்டு நாள் மதியம் இரண்டு மணிக்கு அவன் வீட்டுக்குப் போவேன். கிளப்புக்குப் போன நேரம் அது, வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். ஊர்ச் செய்தி சொல்வேன். ஸ்னூக்கர் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் அவனே கேட்டான். அவன் பேச்சு எனக்கும் அவன் மனைவிக்கும் மட்டும்தான் அப்போது புரியும். "நோட்டு எங்க?" என்றான்.

மறுநாள் கொண்டுபோனேன். அவனால் புரட்ட முடியாது. நாற்காலிக் கைகளில் தலையணை வைத்து அதன்மேல் அவன் கைகளை வைத்திருந்தார்கள். முதலிலிருந்து படிக்கச் சொன்னான். படித்தேன். எத்தனை கிளிங், எத்தனை நீளப் பந்து, முழங்கை எவ்வளவு தள்ளியது, நான் எழுதியபடியே. முப்பது, இருபத்தெட்டு, முப்பத்தொன்று. அந்த மணிபூசைப் பையனை நான் குறித்து வைத்திருந்தேன். அதைப் படித்ததும் அவன் தோள் குலுங்கியது. சிரிப்பு இப்போது அப்படித்தான் வரும்.

மே, இருபத்திரண்டு. ஜூன், பத்தொன்பது. ஜூலை, பதினாறு, பதினான்கு.

"நில்லு" என்றான்.

நிறுத்தினேன்.

"திருப்பிப் படி."

திருப்பிப் படித்தேன். இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினாறு, பதினான்கு.

ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி அவன் சொல்லி முடிக்க நேரம் ஆனது. "இது வந்தது ஆகஸ்ட்ல. மே, ஜூன், ஜூலைல கொறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு பாத்தியா? அதுக்கு முன்னாலயே. அது நான் கத்துக்கிட்டது."

அவன் மனைவி வாசல்படியருகே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னது அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். நான் பார்த்த தேதி வேறு, ஆரம்பித்த தேதி வேறு. ஏழெட்டு மாதம் என்றால் அந்த மே, ஜூன், ஜூலையும் அதற்குள்ளேதான். முப்பதிலிருந்து இருபத்திரண்டு ஆனதுகூட எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஆமா மச்சான்" என்றேன். "ஆகஸ்டுக்கு முன்னாலயே."

அவன் கண்ணை மூடினான். பிறகு, "எழுது" என்றான்.

பேனாவை எடுத்தேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. "ஜூலையிலேயே கை சரியாகிவிட்டது. சொந்த முயற்சி." சொந்த முயற்சி என்பது எங்கள் பத்திரிகையில் கிராமத்துப் பிள்ளைகள் பரீட்சையில் தேறினால் நான் எழுதுகிற சொல். அவன் அதைத் தவறாமல் கிண்டல் செய்திருக்கிறான்.

நோட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். படித்தான். நான் எழுதியதில் தேதி இல்லை என்றான். போட்டேன். கோடு போடச் சொன்னான். அதையும் போட்டேன்.

அன்று மாலை அவன் மனைவி உள்ளேயிருந்து கோப்பையைத் தேடி எடுத்துவந்து டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தாள். ஆடி பிறப்பதற்குள் அவன் போய்விட்டான். அவன் இறப்புச் செய்தியை நான்தான் எழுதி அனுப்பினேன், நான்கு வரி. நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்தக் கடைசி வரியில் நான் இதுவரை எதையும் திருத்தவில்லை.